வீட்டுக்கா, ஆண்டவருக்கா?

கல்கத்தா ராஜதானியாக இருந்த நாளில் அங்கே வைசிராயைக் கண்டு பயப்படாத தமிழர்கள் இருந்தார்கள். பிளேக்கைக் கண்டு பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். பூசணி உபதேசியாரைக் கண்டு பயப்படாத தமிழர் ஒருவர்கூட இல்லை என்று நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

பவானிப்பூரின் தென்கோடியில் எங்கள் மெஸ் இருந்தது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து ஹவுராவில் வந்து இறங்கிய குமாஸ்தாக்கள் கூட்டாகச் சமையல்காரர் வைத்துச் சாப்பிட்ட இடம். அங்கிருந்து டிராமுக்குப் போக இரண்டு வழி உண்டு. குளத்தங்கரை வழியாகப் போனால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். மீன் மார்க்கெட் வழி ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். நாங்களோ சந்தியாவந்தனம் முடித்து, பட்டையாக விபூதி இட்டுக்கொண்டு, அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஹில்சா மீன் நாறும் கூடைகளைத் தாண்டித் தாண்டி மீன் மார்க்கெட் வழியாகவே ஆபீசுக்குப் போனோம். குளத்தங்கரையில் உபதேசியார் நிற்பார் என்பது ஒன்றுதான் காரணம்.

அவர் யாரையும் அடித்ததில்லை, யாரிடமும் கைமாற்றுக் கேட்டதில்லை. "வாங்க தம்பி, ஒரு அதிசயம் காட்டுதேன்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் அகப்பட்டவன் அன்றைக்கு ஆபீசுக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.

உண்மையில் அவர் உபதேசியாரே அல்ல. திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில், போதகர் இல்லாத சின்னக் கோயில்களில் ஜெபம் நடத்துகிறவரை உபதேசியார் என்பார்கள். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்துவர்கள், மாதா கோயில் என்றில்லாமல் வெறுமனே கோயில் என்றுதான் சொல்வார்கள் என்பதையும் நான் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். இவர் கித்தர்பூர் துறைமுகத்தில் சணல் மூட்டை எடை போடுகிற குமாஸ்தா. உபதேசியார் உத்தியோகம் வேண்டும் என்று இளம் வயதில் ஆசைப்பட்டாராம். பிரசங்கம் செய்து காட்டச் சொன்னபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு மரங்கொத்தி வந்து உட்கார்ந்துவிட்டது. சபையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றதால் வேலை போயிற்று என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மெஸ்காரர்கள் நாங்கள் அந்த உத்தியோகத்தை இலவசமாக வழங்கினோம். பூசணியையும் முன்னால் சேர்த்துக்கொடுத்தது என் நண்பன் வைத்தி. எங்கள் ஊரில் அந்தக் காயைப் பறங்கிக்காய் என்போம்; அவர் ஊரில் அது பூசணி. இதற்காக மெஸ்ஸில் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை நடந்தது. கடைசியில் மெஸ்ஸுக்குக் காய் கொடுக்கிறவர் வைத்த பெயரே பெயர் என்று தீர்ப்பாயிற்று.

குளத்துக்கு அக்கரையில் ஒரு வங்காளி ஜமீன்தாரின் புதர் மண்டிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். குத்தகை, வாரம் ஒரு கூடைக் காய்கறி. ஒரு குடிசை, அதன் கூரை முழுக்கப் பூசணிக்கொடி, கீழே கத்தரி, முள்ளங்கி, கீரை. கோழிகள் உண்டு. சேவலுக்குப் பேதுரு என்று பெயர். சேவல் கூவுவதற்குள் ஆண்டவரை மறுதலித்த சீஷனுடைய பெயராம். "அவரு கூவுறப்பல்லாம் அவருக்கே புத்தி வரட்டும்னு வச்சேன், கேட்டியளா" என்றார் என்னிடம்.

அவர் காட்டுகிற அதிசயங்கள் இந்த ரகத்தைச் சேர்ந்தவை. சிலந்தி வலையில் பனித்துளி. முள்ளங்கி இலையின் அடியில் பூச்சி வைத்த முட்டை. பாம்புச்சட்டை. எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் பூசணிப் பூக்களின் கல்யாணம்.

ஒரு நாள் வைத்தி ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்று துணிந்து குளத்தங்கரை வழியாகப் போய் மாட்டிக்கொண்டான். உபதேசியார் ஓர் ஆண் பூவைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, பெண் பூவின் முன்னால் கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி நின்றார்.

"தம்பி, எங்க கோயில்ல கல்யாணம்னா முன்கூட்டியே மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்லுறவங்க சொல்லலாம்னு. இவுகளுக்கு ஆயுசே ஒரு காலைதான். அதனால ஒரே ஓலை. நீங்க சபையா நில்லுங்க. தடை ஏதும் உண்டா?"

"எனக்கு ஆபீசுக்குத்தான் தடையாயிருக்கு, ஓய்" என்றான் வைத்தி.

"அப்போ கல்யாணத்துக்குத் தடை இல்ல. ஸ்தோத்திரம்" என்று மகரந்தத்தைத் தடவிவிட்டு, மாப்பிள்ளையை வைத்தியின் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆபீசில் பெரிய பாபு, அதாவது வங்காளித் தலைமைக் குமாஸ்தா, கடிகாரத்தைக் காட்டிக் கேட்டபோது வைத்திக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை. பையிலிருந்து வாடிய பூவை எடுத்து நீட்டினான். பெரிய பாபுவின் கோபம் போன இடம் தெரியவில்லை. "கும்ரோ ஃபூல்!" என்று நாக்கைச் சப்புக்கொட்டினார். வங்காளிகள் அந்தப் பூவை மாவில் தோய்த்து பஜ்ஜி போடுவார்கள். அன்று முதல் வைத்தி எத்தனை தாமதமாக வந்தாலும் ஒரு கை பூ கொண்டுவந்தால் போதும் என்று ஏற்பாடாயிற்று. உபதேசியாருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். மாப்பிள்ளைகளை மட்டும், அதுவும் கல்யாணம் முடிந்த பிறகு மட்டும், எடுத்துக்கொள்ள அனுமதித்தார்.

இனிமேல் மாட்டுக் கதை.

பாலிகஞ்ச் பக்கம் ராம்தனி என்று ஒரு பால்காரன் இருந்தான். பிகார்க்காரன், ஆறடி உயரம், முறுக்கிய மீசை. கல்கத்தாப் பால்காரர்களிடம் அப்போது ஒரு வழக்கம் உண்டு. கன்று குடித்தால் பால் குறையும் என்று அதைப் பட்டினி போட்டுவிடுவார்கள். அது செத்ததும் தோலை உரித்து வைக்கோல் அடைத்து மாட்டின் முன்னால் நிறுத்திவைப்பார்கள். பாவம், தாய் அந்தத் தோலை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். ராம்தனி மட்டும் செய்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் தொழுவத்தில் உயிரோடு நின்ற கன்றுகளைவிட வைக்கோல் கன்றுகள் அதிகம்.

அவன் ஒரு மாட்டை மலடு என்று ஓட்டிவிடப் பார்த்தபோது உபதேசியார் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மார்த்தாள் என்று பெயர் வைத்தார். மெஸ்ஸே கூடி நின்று சிரித்தது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் எல்லோர் முன்னாலும், ராம்தனி முன்னாலும், மறுநாள் அவருடைய சபையார் முன்னாலும் உரக்கச் சொல்லிவிட்டார்: "இவ ஈனுற தலைச்சன் கன்னு கர்த்தருக்கு. அறுப்பின் பண்டிகைக்குக் கோயில்ல கொண்டு போய்க் கட்டுவேன்." அறுப்பின் பண்டிகை என்பது அவர்கள் கோயில் அறுவடைத் திருநாள்.

மார்த்தாள் ஈன்றாள். காளைக்கன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, எப்போதும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இரண்டு கண். யாக்கோபின் மூத்த மகன் பெயரான ரூபன் என்பதை அதற்கு வைத்தார். அன்று காலையில் அவர் குளத்தங்கரையில் நிற்கவில்லை. நேராக மெஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டார். குளித்துக்கொண்டிருந்தவன், பூஜையில் இருந்தவன் எல்லோரையும் ஈரத்துணியோடு இழுத்துக்கொண்டு போய், கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுவதையும் மறுபடி நிற்கப் பார்ப்பதையும் காட்டினார். அது நான்கு காலில் நின்றதும் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு மெஸ்ஸுக்கு நல்ல காலம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பால் கறப்பது தயையின் கிரியையாம், செய்யலாம். விற்பது ஓய்வுநாளை மீறுவதாம், கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பால் முழுவதும் மெஸ்ஸுக்கு இனாம். வேதக்காரர் கறந்த பாலைக் குடிக்கலாமா என்று எங்களில் ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்தார். வைத்தி சாஸ்திரம் எதையும் வாசித்தவன் அல்ல. ஆனால் காபி விஷயத்தில் அவனுக்கு ஒரு தெய்வீக ஞானம் உண்டு. "பாலுக்குத் தோஷம் கிடையாது. மாடு எந்தக் கோயிலுக்கும் போறதில்லை" என்றான். கனைத்த பெரியவர் இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார்.

அறுப்பின் பண்டிகை நெருங்க நெருங்க உபதேசியார் வாடிப்போனார். சிலந்தி வலை அதன் பாட்டுக்குக் கிடந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் குளத்தங்கரை வழியாகவே பயமில்லாமல் போய்வந்தோம். அதில் ஒரு சந்தோஷமும் இல்லை என்பதுதான் வேடிக்கை. கன்று அவர் பின்னாலேயே திரியும். அவர் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் விட்டால் அது குடத்தில் முகம் வைக்கும். ஜெபத்துக்கு மண்டியிட்டால் பின்னால் வந்து வேட்டியை மெல்லும்.

ஒரு சாயங்காலம் மெஸ் வாசலில் வந்து நின்று வைத்தியைக் கேட்டார்: "சாமி, உங்க ஊர்ல கோயிலுக்கு நேந்துக்கிட்டுக் கொடுக்க மனசு வரலன்னா என்ன செய்விய?"

"தள்ளிப் போடறதுதான். திருப்பதிக்கு முடி இறக்கறேன்னு வேண்டிண்டேன். இந்தோ இருக்கு முடி. பெருமாள் கோச்சுக்கவே இல்லை."

"எங்க ஆண்டவரும் கோவிச்சுக்கிட மாட்டாரு. எனக்குத்தான் அவரு முகத்தைப் பாக்க மூஞ்சி இருக்காது."

"கன்னுக்குட்டிக்குப் பதிலா ஒரு வண்டி பூசணிக்காய் கொடுத்துடுமேன்."

உபதேசியார் நடுங்கிப்போனார். "அதைச் செஞ்சவன் காயீன். காய்கறியக் கொண்டு போய்ப் படைச்சான். ஆபேலு ஆட்டைக் கொண்டு போனான். காய்கறிக்காரன் கதி என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, சாமி."

எங்களுக்குத் தெரியாதுதான். அவர் முகத்தைப் பார்த்து நல்ல கதியாக இருக்காது என்று ஊகித்துக்கொண்டோம்.

கோயிலில் கட்டிவிட்டால் என்ன நடக்கும் என்று விசாரித்தபோதுதான் எங்களுக்குப் பகீரென்றது. பண்டிகைக்கு வருகிற காணிக்கைப் பொருள்களை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்களாம். வந்த பணம் கோயிலுக்கு. ஏலத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். "அப்போ நீரே ஏலத்துல எடுத்துண்டு வந்துடும்" என்றேன். அது கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வதாகும் என்று சொல்லிவிட்டார். அதே வாரம் ராம்தனி குளத்தங்கரைக்கு வந்து கன்றின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான். அவனிடம் ஒரு கறவை மாட்டின் கன்று செத்து, தோலும் எலி கடித்துப் பாழாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். காளைக்கன்றைப் பட்டணத்தில் வேறு யார் கேட்கப் போகிறார்கள்? அவன் தடவிப் பார்த்தது தோலைத்தான்.

அன்றிரவு மெஸ்ஸில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வைத்தி அந்த மாதம் மெஸ் மானேஜர். அரிசி மளிகைக்கான பணம் அவன் இடுப்பில் இருந்தது. "கன்னுக்குட்டியை நாம எடுத்துடுவோம்டா சாமா. மெஸ் கொல்லையில கட்டிக்கலாம். அவர் தினம் வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றான் என்னிடம்.

பண்டிகை ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் வைத்தியும் கிறிஸ்துவக் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தோம். செருப்பை வெளியே விட்டோம். மற்றவர்கள் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்துத் திரும்பப் போய்ப் போட்டுக்கொண்டோம். தூண்களில் கரும்பும் வாழையும் கட்டியிருந்தார்கள். நெற்கதிர், இளநீர், முட்டை, முறுக்கு, ஒருவர் வீட்டு வெண்ணெய் என்று பீடத்தின் முன்னால் குவிந்திருந்தது. பாட்டு நடுவே ரூபன் இரண்டு தடவை கத்தினான். இரண்டாவது தடவை உபதேசியாரின் குரல் உடைந்து பாதியில் நின்றுவிட்டது.

ஏலம் வெளியே மாமரத்தடியில். தபாலாபீசில் வேலை பார்த்த ஒரு கனத்த குரல்காரர் ஏலம் போட்டார். கன்று வந்ததும் உபதேசியார் ஏலத்துக்கு முதுகைக் காட்டிக் கோயில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

ராம்தனி கேட்டான். வைத்தி ஏற்றினான். அவன் ஏற்றினான், இவன் ஏற்றினான். மீசையும் குடுமியும் மோதுவதைச் சபையே வாய் பிளந்து பார்த்தது. கடைசியில் ராம்தனி கையை உதறினான். "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!" கன்று வைத்திக்கு. எனக்கு உயிர் வந்தது.

ஏலக்காரர் மரியாதையாகக் கேட்டார்: "ஐயா, வீட்டுக்கா, ஆண்டவருக்கா?"

வைத்தி யோசித்தான். அடுத்தவர் கோயில் வாசலில் நின்றுகொண்டு, சாமி முன்னால், என் வீட்டுக்கு என்று ஒரு மனிதன் சொல்வானா? கைகூப்பி, "எல்லாம் ஆண்டவருக்குத்தான்" என்றான்.

"ஸ்தோத்திரம்!" என்று கூட்டம் முழங்கியது. ஏலக்காரர் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, "கன்னுக்குட்டி, மறுபடியும் ஏலம்! கேக்குறவங்க கேக்கலாம்!" என்றார்.

வைத்தி என் காதைக் கடித்தான். "ஏண்டா, வாங்கின சரக்கை எதுக்கு மறுபடியும் விக்கறான்? நான் மரியாதைக் குறைச்சலா ஏதாவது சொல்லிட்டேனோ?"

ராம்தனி மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டான். யோசிக்க நேரமில்லை. வைத்தி மறுபடி ஏற்றினான். மறுபடி ஜெயித்தான். மறுபடி அதே கேள்வி. இந்தத் தடவை குறை வைக்கக் கூடாது என்று, வைத்தி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடி, ஹோமம் முடித்தவன் மாதிரி, "சர்வமும் ஆண்டவருக்கே அர்ப்பணம்" என்றான்.

சபையார் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் திரும்பிவிட்டார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ஏலக்காரர் மறுபடியும், "கன்னுக்குட்டி, மறுபடியும் ஏலம்!" என்றார்.

என் பக்கத்தில் ஒரு ரயில்வே கார்டின் மனைவி நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் உருகிப்போய் என்னிடம் சொன்னார்: "எங்காளுகளே ஒரு தேங்காயத்தான் ரெண்டு மூணு தரம் திருப்பிக் குடுப்பாக. வீட்டுக்குன்னு சொன்னா கொண்டு போயிரலாம். ஆண்டவருக்குன்னு சொன்னா மறு ஏலம். உங்க சிநேகிதரு கன்னுக்குட்டியவே ரெண்டு தரம் குடுத்துட்டாரே. இந்த விசுவாசம் எங்க யாருக்கு இருக்கு?"

நான் வைத்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் இடுப்பு முடிச்சு காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மெஸ்ஸின் ஒரு மாத அரிசியும் பருப்பும் உண்டியலுக்குள் போய்விட்டன.

மூன்றாவது ஏலத்தில் ராம்தனிக்கு எதிராளி இல்லை. கன்று அவனுக்கு. அவன் கயிற்றைப் பிடித்துவிட்டான். ரூபன் அவன் கையை முகர்ந்து பார்த்தான். உபதேசியார் திரும்பவும் சுவர்ப்பக்கம் போய்விட்டார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

"வீட்டுக்கா, ஆண்டவருக்கா?" என்றார் ஏலக்காரர். ராம்தனிக்குத் தமிழ் தெரியாது. சுற்றிலும் பார்த்தான். அவன் அருகில் நின்றவர்களில் இந்துஸ்தானி பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்ன என்று என்னைக் கேட்டான்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன், அவ்வளவுதான். "ராம்தனி ஜி, இதைப் பகவானுக்குக் கொடுக்கிறாயா, வீட்டுக்குக் கொண்டு போகிறாயா என்று கேட்கிறார். அதோ அந்த மதராஸி பாபு பகவானுக்கு என்றார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஜனங்கள் பாட்டே பாடினார்கள். நீ வீட்டுக்கு என்றும் சொல்லலாம். வசதி இல்லாதவர்கள் அப்படிச் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்."

ராம்தனி வைத்தியை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். சோனிக் குமாஸ்தா, கிழிந்த கோட்டு. பிறகு கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் முழுவதும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மீசையை ஒரு முறுக்கு முறுக்கினான்.

"இந்த ராம்தனி என்ன பிச்சைக்காரனா? பகவானுக்கே!" என்று கயிற்றை விட்டெறிந்தான்.

அன்றைக்கு எழுந்த ஸ்தோத்திரம் கித்தர்பூரில் கப்பலுக்குக் கேட்டிருக்கும். அவனுக்கும் ஒரு பாட்டுப் பாடினார்கள். அவன் மார்பு விரிந்துவிட்டது. ஏலக்காரர் வழக்கப்படி மறு ஏலம் என்று கூவினார். வைத்தியிடம் காசு இல்லை. ராம்தனிக்கு, பகவானுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை. மற்றவர்களுக்குக் காளைக்கன்றைக் கட்ட இடமில்லை. மாமரத்தடியில் ரூபன் ஒருவன்தான் கத்தினான்.

வெள்ளைத்தாடிப் போதகர் எழுந்தார். "கேட்பாரில்லை என்றால் கன்று கோயிலுக்கே நிற்கட்டும். ஆனால் கோயிலுக்குத் தொழுவம் இல்லையே. கோயில் கன்றை வளர்க்க ஓர் ஆள் வேண்டும்" என்று சுவர்ப்பக்கம் பார்த்தார்.

உபதேசியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். "ஐயா, கொடுத்தது கொடுத்ததுதான். திரும்ப வாங்க மாட்டேன்."

"உமக்கு யார் கன்று கொடுக்கிறார்கள்? உத்தியோகம் கொடுக்கிறோம். செய்வீரா, மாட்டீரா?"

மரங்கொத்தியால் போன உத்தியோகம் ஒரு காளைக்கன்றால் திரும்பி வந்தது. செய்கிறேன் என்று உபதேசியார் தலையைத் தலையை ஆட்டினார். ரூபன் அதற்குள் பின்னால் போய் அவர் வேட்டியை மெல்லத் தொடங்கிவிட்டான்.

அடுத்த ஒரு மாதம் எங்கள் மெஸ்ஸில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏப்பம் வருகிறது. அரிசிப் பணம் போன கதையைக் கேட்ட உபதேசியார், கூரையில் இருந்த பூசணிகள் அத்தனையையும் இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். பூசணி சாம்பார், பூசணிக் கூட்டு, பூசணிப் பொரியல், பூசணித் துவையல், அமாவாசைக்குப் பூசணிப் பாயசம். நொய்க்கஞ்சிக்குப் பூசணி ஊறுகாய்கூடச் சமையல்காரர் கண்டுபிடித்தார். காணிக்கை விஷயத்தில் வைத்தியிடம் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவன் தட்டில் மட்டும் எல்லோரும் ஒரு கரண்டி பூசணி கூடப் போட்டார்கள்.

குளத்தங்கரையில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. முன்பெல்லாம் "லே ரூபா, இங்க வாலே" என்று கூப்பிட்டவர், இப்போது, "எந்திரிங்க. தண்ணி குடிக்கியளா? கத்தரிச்செடியில வாய் வைக்காதிய" என்று பேசினார். ஏன் என்று கேட்டேன்.

"அவுக இப்போ என் கன்னு இல்ல, தம்பி. ஆண்டவர் வீட்டுப் பிள்ளை. மரியாதை கொடுக்கணும்லா?"

மார்த்தாளை நீ என்றும், அவள் மகனை நீங்க என்றும் அழைத்த ஒரே மாட்டுக்காரர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். அதட்டும்போதுகூட மரியாதை குறையாது. ஒரு நாள் ரூபன் என் அங்கவஸ்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியபோது, "நீங்க செய்யுறது நல்லா இல்ல, சொல்லிட்டேன்" என்று பின்னாலேயே ஓடினார். ராம்தனிகூட அவ்வப்போது வந்து, தான் பகவானுக்குக் கொடுத்த கன்று எப்படி வளர்கிறது என்று விசாரித்துவிட்டு, புண்ணாக்கு வைத்துவிட்டுப் போவான். அவன் தொழுவத்தில் வைக்கோல் கன்றுகள் ஒழிந்தனவா என்று எனக்குத் தெரியாது. இந்த ஒன்றிடம் அவனுக்குப் பிரியம் வந்துவிட்டது.

நாங்கள் மீன் மார்க்கெட் வழியை விட்டுவிட்டோம். குளத்தங்கரையில் ஆளுக்கொரு அதிசயம் பார்த்துவிட்டு, ஒரே கூட்டமாக நேரம் கழித்துத்தான் டிராம் ஏறினோம்.

சில வருஷங்களுக்குப் பிறகு எனக்கு மதராசுக்கு மாற்றலாயிற்று. புறப்படுகிற காலையில் மெஸ் வாசலில் ஒரு கட்டை வண்டி வந்து நின்றது. மினுமினுவென்று வளர்ந்த ரூபன் அதில் பூட்டப்பட்டிருந்தான். பக்கத்தில் உபதேசியார், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு.

"கோயில் மாட்டைச் சொந்த வேலைக்குப் பூட்டக் கூடாதுன்னு சொல்வீரே" என்றேன்.

"போதகர்ட்ட உத்தரவு கேட்டுட்டேன். என்ன வேலைன்னாரு. சிநேகிதரை ஏத்தி விடணும்னேன். அது கோயில் வேலைதான், கொண்டு போம்னுட்டாரு."

மிதவைப் பாலத்தைத் தாண்டி ஹவுராவரை வண்டியில் அவர் ஏறவே இல்லை. மாட்டுக்குப் பாரம் என்று கூடவே நடந்து வந்தார். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, நதிமேல் வெயில் விழுவதைப் பார்க்கச் சொன்னார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லா பாஷையிலும் எங்களைத் திட்டினார்கள். ரயில் புறப்படும்போது ஜன்னல் வழியாக ஒரு துணி முடிச்சைக் கொடுத்தார். பூசணி விதை.

அந்தக் கொடியின் வம்சம் மயிலாப்பூரில் என் கொல்லையில் இன்னும் இருக்கிறது. அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆயிற்று என்று வைத்தி எழுதினான். இன்று விடியற்காலையில் கொடியில் ஒரு பெண் பூ மலர்ந்திருந்தது. பெண்டாட்டியைக் கூப்பிட்டேன், அடுப்பில் வேலை என்றாள். பிள்ளையைக் கூப்பிட்டேன், டிராமுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான். தபால்காரரைத் தேடினேன். அவர் இரண்டு நாளாகவே எங்கள் தெருவைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறாராம். கடைசியில் நானே ஓர் ஆண் பூவைக் கிள்ளி, ஒரே ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்டேன். பிறகு மகரந்தத்தைத் தடவினேன். தடை இல்லை, ஸ்தோத்திரம் என்று சொல்ல அவர் இருந்திருக்கக் கூடாதா?